சரவணைக்கு வந்த றேஸ் மெக்கானிக்

பொய்யைக் கடிதத்தில் எழுதக் கூடாது. வாயால் சொன்னதை மறுத்துவிடலாம். எழுதியதை அக்கா அலுமாரியில் பத்திரமாக வைத்திருப்பார்.

வளைகுடா நாடொன்றில், கார்ப் பந்தயத் திடலின் கராஜில் இரண்டு வருடம் இருந்தேன். 'றேஸ் கார்களின் சக்கரச் சில்லுகள் எவ்வளவு சாய்ந்து நிற்கவேண்டும் என்று சரிபண்ணுவது நான்தான்' என்று எங்கள் ஊரான சரவணையில் இருந்த அக்காவுக்கு எழுதியிருந்தேன். (அன்றைக்கு நல்ல களைப்பு. உண்மையை எழுதினால் இன்னும் களைத்திருப்பேன்.)

எண்பத்து நாலில் ஊர் திரும்பி, சாப்பிட்ட கை காய்வதற்குள் அத்தான் வந்து நின்றார். அவருடைய வாடகைக் காரின் முன் ரயர்கள் உட்பக்கமாகவே தேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கார்தான் அக்கா வீட்டுச் சோறு.

"நீர் ஒருக்காப் பாரும். நாளைக்கு நயினாதீவுக்குப் படகேறப் போற ஆக்களைக் குறிகட்டுவான் துறையிலை விடவேணும்."

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாதுகாப்பில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. பின் சில்லுகள் உருளாமலிருக்கக் கல் அண்டை கொடுத்தேன். ஜாக்கியை நம்பாமல் காரின் அடிச்சட்டத்தின் கீழ் பனங்குற்றிகளை வைத்து, காரை உலுக்கிப் பார்த்த பிறகே கீழே புகுந்தேன்.

"வேலை தெரிஞ்ச ஆள்," என்றார் அத்தான் அக்காவிடம்.

பந்தயக் கார்களின் முன் சில்லுகள் மேற்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்பதைத் தினமும் பார்த்தவன் நான். வளைவில் பறக்கிற காருக்கு அது சரி. ஏற்கெனவே உள்ளே சாய்ந்ததால்தான் அத்தானின் ரயர் தேய்கிறது என்பது எனக்குத் தெரியாது. சாய்வைக் கூட்டிக் குறைக்க ஆணிக்கு அண்டையாக வைத்திருக்கும் மெல்லிய தகடுகளில், வலப்பக்கத்தில் மூன்றைக் கழற்றி, இன்னும் சாய்த்துவிட்டேன். இடப்பக்கத்து ஆணி துருவேறி இறுகிக் கிடந்தது. அங்கே ஒரு தகட்டை மட்டும் கழற்றியதோடு விட்டுவிட்டேன். இரண்டு பக்கச் சாய்வும் ஒத்துவராவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும் என்பதும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, பட்டுச்சேலை கட்டிய ஒரு குடும்பம் பின்னால் ஏறியது. நான் முன்னால். அத்தான் இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே ஓட்டினார்.

"இடப்பக்கம் இழுக்குதோ அத்தான்?"

"இல்லை. நான் உடற்பயிற்சி செய்யிறன்."

புங்குடுதீவுப் பாலம் என்பது ஆழமில்லாத கடலுக்குள் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்திய, ஓரத்தில் தடுப்பில்லாத தெரு. அதில் எதிரே பஸ் வந்தது. அத்தான் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கினார். மிச்சத்தைக் கார் தானாகவே ஒதுங்கி, கடலுக்குள் இறங்கி நின்றது. முழங்காலளவு தண்ணீர், அதன் கீழே சேறு. ஒருவருக்கும் காயமில்லை.

பின்னாலிருந்த அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "தம்பி, படகு துறையிலை எண்டெல்லோ சொன்னவை," என்றார்.

அவர்களை ஒரு லொறி ஏற்றிச் சென்றது. காரை மத்தியானம் ஒரு உழவு இயந்திரம் இழுத்துப் போட்டது. அத்தான் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்கை உண்மையிலை என்ன வேலை செய்தனீர்?"

"ரயர் கழுவினனான்."

சேறு அப்பிய நான்கு சில்லுகளையும் ஒருமுறை பார்த்தார். "வடிவாய்க் கழுவுவீரோ?"

"ஓம்."

"அப்ப வாளியை எடும்."

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அக்கா வீட்டுக்குப் போனால் இன்றும் உட்காரக் கதிரை வருவதற்கு முன்னால் வாளிதான் வரும். முதலில் சில வருடங்கள் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். இப்போது பேசாமல் போய், வாசலில் நிற்கிற காரின் சில்லுகளைக் கழுவிவிடுகிறேன்.