முப்பத்தொரு கட்டமும் ஒரு பேஸ் கிடாரும்

குக்கருக்கு வாஷர் வாங்குவதாக இருந்தாலும் முதலில் லேப்டாப்பைத் திறந்து எக்ஸெல்லில் ஒரு அட்டவணை போட்டுவிடுகிற ஆள் நான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. புனேவில், ஹடப்சரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அதாவது, அடுத்தவர் செய்ததில் என்ன குறை என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு மாதாமாதம் சம்பளம். (கோயம்புத்தூரில் என் அம்மா இதைச் சம்பளம் வாங்காமலே செய்கிறாள்.) அப்பேர்ப்பட்டவன் ஒரு பேஸ் கிடார் வாங்கப் போய், மாமனார் வீட்டு ஹாலில் நாலு பேர் பார்க்க அசடு வழிந்த கதை இது.

என் மனைவி வித்யா புனேவிலேயே பிறந்து வளர்ந்தவள். மாமனாருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ரயில்வே வேலைக்காக வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் கோர்படி வீட்டை விட்டு நகரவில்லை. வித்யாவின் தமிழில் பாதி இந்தி, கால்வாசி மராத்தி, மிச்சம் திருநெல்வேலி. கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்ந்து நடத்திய பேண்டில் அவள் பேஸ் வாசித்தாள் என்பதைப் பெண் பார்க்கப் போன அன்றே எனக்குச் சொல்லிவிட்டார்கள், பெண்ணுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில். அந்த பேஸ் அவளுடையது அல்ல. ட்ரம்ஸ் வாசித்த சிநேகிதி சுமேதாவின் அண்ணனுடையது. அவர் கனடாவுக்குப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது.

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவள் வாசித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் வீட்டில் பாட்டு ஓடினால் மற்றவர்களைப் போல அவள் பாடகரோடு சேர்ந்து பாடமாட்டாள். அடியில் ஓடுகிற 'தும்... தும்தும்' மட்டும் வாயால் போட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுமேதா போன் செய்தாள். பழைய பேண்ட் மறுபடி சேர்கிறது, கேம்ப் ஏரியாவில் ஒரு காபிக்கடையில் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை வாசிக்கிறார்கள், பாடுகிற பெண்ணுக்கு இப்போது குரல் இறங்கிவிட்டதால் எல்லாப் பாட்டையும் சுருதி இறக்கியாயிற்று, அவ்வளவு கீழே போக ஐந்து கம்பி பேஸ் இருந்தால் நல்லது என்றாள்.

"பேஸே இல்லைடி, அதுல அஞ்சு கம்பிக்கு எங்க போறது. வேற யாரையாச்சும் பாருங்க" என்று வித்யா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். (தமிழே தெரியாத சுமேதாவிடம் இந்தியில்தான் சொன்னாள். நான் மொழிபெயர்த்திருக்கிறேன்.) பிறகு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த வெண்டைக்காய் தேவைக்கு மேல் பொடியாக நறுக்கப்பட்டது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் முடிவு செய்தேன்: எப்படியாவது இவள் அந்த மேடையில் ஏறவேண்டும். அவள் பிறந்தநாள் பத்து நாளில் வந்தது.

அன்றே அட்டவணை திறக்கப்பட்டது. முப்பதாயிரத்துக்குள் அடங்கவேண்டும். ராக், ஜாஸ், சினிமாப் பாட்டு என்று எதற்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஐந்தாவதாக வரும் தடிமனான கம்பி கொழகொழவென்று இல்லாமல் சுத்தமாக ஒலிக்க வேண்டும். பேட்டரி தீர்ந்துபோனாலும் வாசிக்க முடிய வேண்டும். இப்படி முப்பத்தொரு கட்டம். எடை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, நான்கு கிலோ அரிசிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வீட்டுக்குள் நடந்தேன். விரல் எட்டுமா என்பதற்காக, டிவி பார்க்கும்போது கைரேகை பார்ப்பதுபோல வித்யாவின் இடது கையைப் பிடித்து அளவெடுத்தேன். கிடாரில் கம்பியை அழுத்துவது இடது கை என்று வீடியோவில் பார்த்திருந்தேன். (கையைப் பிடித்ததற்கு அவள் சந்தோஷப்பட்டாள். அதை நான் அட்டவணையில் சேர்க்கவில்லை.)

இசைக்கருவிக் கடைக்காரர் ஐம்பது வயதைத் தாண்டிய மராத்திக்காரர், பொறுமைசாலி. முப்பத்தொரு கேள்விக்கும் பதில் சொன்னார். கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வாசிக்கப்போகிறவர் வலது கைக்காரரா, இடது கைக்காரரா?

எனக்கு இந்தியில் முழுதாக ஒரு வாக்கியம் அமைவது அபூர்வம். அன்று அமைந்தது. "ரைட்டி. மை ரோஜ் தேக்தா ஹூம், ரைட் ஹேண்ட் ஸே காதீ ஹை" என்றேன். தினமும் பார்க்கிறேன், வலது கையால்தான் சாப்பிடுகிறாள். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற முத்திரையைப் பில்லில் குத்தினார்.

பிறந்தநாளன்று மத்தியானம் கோர்படியில் சாப்பாடு. சுமேதாவையும் ரகசியமாக வரச் சொல்லியிருந்தேன். அத்தைக்குப் புது ஸ்கூட்டரும் புது கிடாரும் ஒன்றுதான். கிடார் உறைக்குக் குங்குமம் வைத்தார். வித்யா ஜிப்பைத் திறந்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எடுத்துத் தோளில் மாட்டினாள். கிடாரின் கழுத்து வலப்பக்கம் போயிற்று. தடிமனான கம்பி அடியில் போயிற்று. அடியில் இருக்கவேண்டிய, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் எல்லாம் மேலே வந்து அவள் முழங்கையை இடித்தன.

சந்தோஷத்தில் தடுமாறுகிறாள் என்று நினைத்தேன். "வித்யா, தலைகீழா மாட்டியிருக்கிறே" என்று உதவி வேறு செய்தேன்.

சுமேதா மெதுவாகக் கையைத் தூக்கி டிவிக்கு மேலிருந்த போட்டோவைக் காட்டினாள். கல்லூரி பேண்ட் போட்டோ. ஞாயிறுதோறும் அதன் கீழே உட்கார்ந்துதான் நான் இட்லி சாப்பிடுவேன். அதில் மற்ற கிடார்கள் ஒரு பக்கம் பார்க்க, வித்யாவுடையது மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். நானும் கவனித்திருந்தேன். ஸ்டுடியோக்காரன் இடம் வலம் மாற்றிப் பிரிண்ட் போட்டுவிட்டான் என்று முடிவுகட்டியிருந்தேன். (போட்டோவில் கால்வாசியை மட்டும் எப்படி மாற்றிப் போட முடியும் என்று ஒரு டெஸ்டருக்குத் தோன்றவில்லை.)

"வலது கையிலதானே சாப்பிடறே? எழுதறே?" என்றேன், ஏதோ அவள் என்னை ஏமாற்றிவிட்டதுபோல.

பதில் மாமனாரிடமிருந்து வந்தது. "அது நான் மாத்தினது மாப்ளே. சின்னதுல இவளுக்கு எல்லாத்துக்கும் பீச்சாங்கைதான் வரும். நாலு பேரு வீட்டுக்குப் போனா பேச்சு வரும்னு, கைய நீட்டும்போதெல்லாம் தட்டித் தட்டி மாத்தினேன்."

"பேஸை மட்டும் யாரும் தட்டலை, சரவணா" என்றாள் வித்யா. "சுமேதாவோட அண்ணா லெஃப்டி. அவரோட பேஸ் கைல வந்துச்சு, அவ்ளோதான், அப்படியே செட் ஆயிடுச்சு. அதை எந்தக் கைல புடிக்கணும்னு அப்பாவுக்குத் தெரியாது. அதனால விட்டுட்டாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கோ, ஒன்றரை வருஷம் கூடவே இருந்தும் அவளிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றாத வெட்கம் ஒரு பக்கம். அவளுக்கென்று இருந்த ஒரே ஒரு இடத்திலும் நானே போய்க் கையைத் தட்டிவிட்டேனே என்ற வேதனை இன்னொரு பக்கம். மாமனார் கையிலிருந்த பேப்பரை மடித்து, மறுபடி மடித்து, பஸ் டிக்கெட் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். "சரி, சாம்பார் ஆறுது, வாங்க" என்றார் அத்தை. எல்லோரும் வலது கையால் சாப்பிட்டோம்.

மறுநாள் வித்யாவோடு கடைக்குப் போனேன். அவள் அங்கிருந்த ஒரு கிடாரைத் தொட்ட விதத்திலேயே கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. "நான் கேட்டேனே" என்று இந்தியில் என்னிடம் சொன்னார், கோபமில்லாமல். இடது கைக்கு ஐந்து கம்பி வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மூன்று மாதமாகும். கடையில் நெடுநாளாக விலைபோகாத ஒரு நான்கு கம்பிதான் இடது கைக்கு இருந்தது. வித்யா அதை மாட்டிக்கொண்டாள். தடிமனான கம்பியைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினாள். "இது போதும், பாட்டுக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு வாசித்தாள்.

அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். சமையலறையில் வாயால் போட்ட தும்தும் இப்போது தரை வழியாக என் காலில் ஏறியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. அவளை அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் நடுக்கடையில் அழாமல் பார்க்க முயன்று தோற்றேன். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி எதையோ துடைத்தார். "இதை நான் வாங்கிக்கிறேன். நீ எக்ஸெல்லைத் தொடாதே" என்று வித்யா தன் கார்டை எடுத்தாள்.

சுமேதா சொன்ன அந்தச் சனிக்கிழமை அவள் மேடையேறினாள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரமும் மகளின் இடது கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து கம்பி எனக்கு வாய்த்தது. வித்யாதான் சொல்லிக்கொடுக்கிறாள். எதிரெதிரே உட்கார்ந்தால் அவள் இடது, நான் வலது. கண்ணாடியைப் பார்ப்பதுபோல அப்படியே பார்த்துச் செய்யலாம். இவ்வளவு வசதி இருந்தும் நான்கு வருஷத்தில் எனக்கு வருவது மூன்று பாட்டு. கோர்படியில் இன்றைக்கும் எனக்கு 'எக்ஸெல் மாப்ளே' என்றுதான் பெயர். யார் வீட்டில் வரன் பேசினாலும், "பொண்ணு எந்தக் கைன்னு பையன் கேட்டானா?" என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விசாரிப்பார்கள்.

போன மாதம் கோர்படியில் எங்கள் ஒன்றேகால் வயது மகளுக்குத் தட்டில் தயிர்சாதம் வைத்தார்கள். அவள் இடது கையை நீட்டினாள். "அந்தக் கை இல்ல கண்ணு" என்று அத்தை பழக்கதோஷத்தில் குனிந்தார். மாமனார் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. இவளுக்கு வர்றவனும் கடையில போய் முழிக்கணுமா?"

எல்லோரும் சிரித்தோம். மகள் இடது கையால் ஒரு பிடி அள்ளி, பாதியை மூக்கில் அப்பிக்கொண்டு, மீதியைத் தாத்தாவிடம் நீட்டினாள். அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.