அம்மையாரின் கடைவாய்ப் பல்

வாசகர்களில் ஓர் இனம் உண்டு. இவர்கள் நாவலைப் படிப்பதில்லை. நாவல் எழுதியவரைப் படிப்பார்கள். அதுவும் எழுதியவர் பெண்ணாக இருந்து, கல்யாணமும் செய்துகொள்ளாமல், மறைந்தும் வெகுகாலம் ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த அம்மையார் யாரைக் காதலித்தார், ஏன் கைவிட்டார், மூன்றாம் அத்தியாயத்தில் பெய்யும் மழைக்குப் பொறுப்பான ஆண் யார் என்று, பக்கத்து வீட்டுச் சண்டைக்குச் சுவரில் காதை வைப்பதுபோல அட்டைமேல் காதை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சரி, கதை என்ன என்று கேட்டுப் பாருங்கள். "இப்ப அதுவா முக்கியம்?" என்பார்கள்.

நமது பல் டாக்டர் இந்த இனத்துக்கே தலைவர். அவர் பிடித்துக்கொண்ட நாவலாசிரியை அம்மையாரின் நினைவாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு புகைப்படம். அதில் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்த மற்றவர்களுக்குச் சோகம் தெரிந்தது, தவம் தெரிந்தது. டாக்டருக்குக் கடைவாய்ப் பல் தெரிந்தது. இடது பக்கம், கீழே, சொத்தை. பல் சொத்தையானதால் சிரிக்கவில்லை. சிரிக்காததால் காதலர் தப்பாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போனதால் சோகம். சோகத்தால் ஆறு நாவல். முடிந்தது ஆராய்ச்சி! இதை யாரிடம் சொல்வார்? நாற்காலியில் மல்லாந்து, வாய் நிறையப் பஞ்சோடு கிடப்பவர்களிடம்தான். அவர்களால் மறுத்துப் பேச முடியுமா? ஏதோ முனகுவார்கள். டாக்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

பேச்சு ஊரெல்லாம் பரவி, அம்மையாரின் நினைவு நாளில் உரையாற்ற வாருங்கள் என்று நூலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பழகினார். ஆறு நாவலையும் கரைத்துக் குடித்த அவர் மனைவி, தட்டுகளைத் துடைத்து அடுக்கியபடியே கேட்டார்.

"ஏங்க, இவ்வளவு பேசப் போறீங்களே, அதுல ஒண்ணாவது படிச்சிருக்கீங்களா?"

"ஆராய்ச்சி பண்றவனுக்குப் படிக்க எங்க நேரம் இருக்கு?"

"யாராவது எழுந்து கதையப் பத்திக் கேட்டுட்டா?"

டாக்டர் கையை ஆட்டுவதை நிறுத்தினார். ஊர் முன்னால் மானம் போய்விடுமே! இருப்பதிலேயே ஒல்லியான நாவலாக ஒன்றை எடுத்துக்கொண்டு, கூட்டத்தன்று காலை கிளினிக்குக்குப் போனார். சும்மா புரட்டிப் பார்க்கத்தான்.

அந்த நாவலில் பெண் கேட்டு வந்த ஒரு கனவான், அப்போதுதான் பெயின்ட் அடித்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். ஒட்டிக்கொண்டது என்று சொல்ல வெட்கப்பட்டு, பொழுது சாயும்வரை அந்த வீட்டு ஜன்னலை, சுவரை, பூனையை, பூனை கவிழ்த்த கிண்ணத்தை எல்லாம் புகழ்ந்துகொண்டே இருக்கிறார். டாக்டர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவர் பயந்துபோய் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"இருங்க சார், அந்த ஆளு இன்னும் எழுந்திரிக்கல!"

வெளியே கன்னம் வீங்கிக் காத்திருந்தவர்கள், பல் பிடுங்குகிற இடத்தில் இப்படி ஒரு சிரிப்பா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அந்த நிமிஷமே வலி நின்று, வீட்டுக்குப் போய்விட்டார்.

நாவல் முடிந்தது. டாக்டரின் ஆராய்ச்சியும் முடிந்தது. பதறிப்போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, இவங்களுக்கு ஒரு சோகமும் இல்ல! போட்டோல வாய மூடியிருக்கறது சிரிப்ப அடக்கறதுக்கு!"

"அப்பாடா. அதையே போய்ப் பேசுங்க," என்றார் மனைவி. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

பேசினார் ஐயா! கனவானைப் போலவே உட்கார்ந்து, நெளிந்து, பூனையைப் புகழ்ந்து நடித்தே காட்டினார். சிரித்தது இரண்டே பேர்: அவரும் அவர் மனைவியும். கூட்டம் கொட்டாவி விட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"கதைய நாங்க வீட்டுல படிச்சுக்கறோம் டாக்டர். அந்தப் பல்லு விஷயத்துக்கு வாங்க."

"அந்தக் காதலர் யாருன்னும் சொல்லிடுங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டாக்டர் மனைவியைப் பார்த்தார். விடாதீர்கள் என்று அவர் தலையசைத்தார். டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். இரண்டு பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மைக் பிடித்த மனிதனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

"இடது பக்கம்," என்றார். "கீழே."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மனைவி கைப்பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

இவ்வளவு கேட்ட உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறது? அந்த நாவலைத் தேடிப் படிக்க வேண்டும் என்றா? பொய் சொல்லாதீர்கள். அந்த டாக்டர் யார், கிளினிக் எந்தத் தெருவில் இருக்கிறது, ஒருவேளை இதை எழுதியதே அந்த மனைவிதானோ என்றுதானே மண்டையைக் குடைகிறது? குடையட்டும். அடுத்த நினைவு நாளுக்கு உங்களுக்கும் முன்வரிசையில் இடம் போட்டு வைக்கச் சொல்கிறேன்.