பலகைக்குப் பின்னால் பல்லி

சுவருக்குச் சட்டை போடுகிறவர்கள் என்று ஓர் இனம் நம் ஊரில் பெருகி வருகிறது. வெள்ளையடித்த வெறும் சுவரைப் பார்த்தாலே இவர்களுக்கு உடம்பு கூசும்; முழங்கால் உயரத்துக்குப் பலகை அடிப்பார்கள், இடுப்புக்கு ஏற்றுவார்கள், கூரையைத் தொட்ட பிறகுதான் மூச்சு விடுவார்கள். அப்புறம் அந்த வீட்டில் காலண்டருக்கு ஆணி கிடையாது, யாரும் சாய்ந்து உட்காரக் கூடாது, அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தாளிக்க வேண்டும், விருந்தாளிக்குக் காபி வருமுன் மரத்தின் ஜாதகம் வந்துவிடும்.

ஒத்தக்கடைத் தங்கப்பாண்டி இந்த இனத்தில் தனிப்பிறவி. "பர்மா தேக்கு. கப்பல்ல வந்தது" என்பார். பொங்கலுக்கு ஒரு கப்பல், தீபாவளிக்குள் மூன்றாகிவிட்டது. வைகை வழியாகவா வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அவர் மகள் சுபலட்சுமிக்கு உடன் வேலை பார்க்கும் பையனைப் பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா, கொட்டாம்பட்டி மலைச்சாமி, உறவுக்காரர்களோடு பேசி முடிக்க வந்தார். பேச்சு தேதியைத் தொட்ட நேரம், பலகைக்குப் பின்னாலிருந்து பல்லி சொல்லிற்று.

"எந்தப் பக்கம்ணே சொல்லுச்சு?" என்றார் மலைச்சாமி. "கெழக்கால சொன்னா இப்பவே பூ வச்சிரலாம். தெக்கால சொன்னா நான் எந்திரிச்சிருவேன்."

எந்தப் பக்கம்? நாலு சுவரிலும் பலகை. பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் சந்து. அந்தச் சந்துக்குள் பல்லி ஹாலைப் பிரதட்சிணம் வந்துகொண்டே சொல்கிறது. வந்திருந்த பதினோரு பேரும் பலகையில் காதை ஒட்டி நின்று பதினோரு திசை சொன்னார்கள். உலகத்தில் இருப்பதே எட்டுதான்.

"ஒரு பலகையக் கழத்திப் பாத்துருவோம்ணே."

தங்கப்பாண்டி பலகைக்குக் குறுக்கே வந்து நின்றார். "வேணாம்ணே. கழத்துனா மனசு ஒடஞ்சிரும்."

"யாருக்கு?"

"மரத்துக்கு."

மனைவி ஜெயக்கொடி முறைத்தார். "ஏங்க, மக பெருசா, பலக பெருசா?"

இதற்கும் அவர் யோசித்தார் பாருங்கள், அதைச் சுபலட்சுமி பார்த்துவிட்டாள். உள்ளே போய்த் திருப்புளியோடு வந்தாள். "அப்பா, நீங்க கழத்துறீங்களா, நான் கழத்தவா?"

அவரே கழற்றினார். மூன்று கப்பலில் வந்த தேக்கு அப்பளம் போல வளைந்துகொண்டு ஒரு கையோடு வந்தது. மலைச்சாமி மட்டும் வளைந்த பலகைக்குப் பின்னால் தலையை விட்டார். அங்கே பல்லி இல்லை. பலகையின் முதுகில் அச்சடித்திருந்தது: 'பிளாஸ்டிக் ஷீட். பாத்ரூமுக்கு மட்டும்.'

தங்கப்பாண்டி கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணம் போயிற்று, கப்பலும் போயிற்று.

மலைச்சாமி நிதானமாகத் தலையை வெளியே எடுத்தார். "கெழக்குதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு தங்கப்பாண்டியின் காதோரம் குனிந்தார். "வெரசா மாட்டுங்க சம்பந்தி. நம்ம வீட்லயும் இதே ஷீட்டுதான். ஈட்டி மரம்னு சொல்லி வச்சிருக்கேன்."

பூ வைத்தாயிற்று. நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரித்து முடித்ததும், உங்கள் வீட்டில் ஊருக்குப் பெருமையாகக் காட்டுகிற சாமான் ஒன்றை எடுத்து, அதன் முதுகு தெரியும்படி ஒருநாள் ஹாலில் வையுங்களேன். கை வரவில்லையா? அப்படியானால் வாருங்கள் சம்பந்தி, உட்காருங்கள். சாய்ந்துமட்டும் விடாதீர்கள்.