வாசலுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம்

அன்புள்ள தங்கை பெரிலுக்கு,

அண்ணன் நார்மன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி எனிடும் மழையைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். உன் புது இடுப்பெலும்பு சொன்ன பேச்சைக் கேட்கிறதா, ஸ்கார்பரோவின் கடற்காற்று அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. உன் பூனையை நாங்கள் விசாரித்ததாகச் சொல், அது எங்களை மதிக்காவிட்டாலும்.

ஜனவரி முடியப் போகிறதே, ரொட்டியில் தடவ எனிட் காய்ச்சி அனுப்பும் ஆரஞ்சு மார்மலேட் எங்கே என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. இந்த வருஷம் மார்மலேட் கிடையாது, பெரில். பதறாதே, உட்கார்ந்துகொண்டு படி. அந்தக் கசப்பு ஆரஞ்சு ஜனவரியில் சில வாரம்தான் கடைக்கு வரும். எனிட் தன் கையால் அமுக்கி, முகர்ந்து, பொறுக்கின பழத்தைத் தவிர வேறெதையும் அடுப்பில் ஏற்ற மாட்டாள். ஒருமுறை என்னை நம்பி அனுப்பினாள், நான் தித்திப்பு ஆரஞ்சை வாங்கிவந்து நின்றேன். "இதைக் காய்ச்சினா குழந்தைக்குக் கொடுக்குற இருமல் மருந்துதான் வரும், நார்மன்" என்றாள். ஆகவே மார்மலேட் வேண்டுமென்றால் எனிட் கடைக்குப் போக வேண்டும். எனிடோ கடைக்குப் போவதில்லை. ஏன் என்றுதான் சொல்ல வருகிறேன்.

உன் அண்ணியைப் பார்த்தால் யாருக்காவது நோயாளி என்று தோன்றுமா? உதட்டுச் சாயம் பூசாமல் குப்பைத் தொட்டி வரைக்கும் போக மாட்டாள். முதுகு கோல் மாதிரி நிமிர்ந்திருக்கும். உள்ளே நுரையீரலில் பாதி வேலைநிறுத்தம் செய்கிறது, அது வெளியே தெரியாது. தூரத்தில் வண்டியை நிறுத்தி வாசல் வரை நடந்தால், கடைக்குள் நடக்க மூச்சு மிஞ்சாது. அதற்குத்தான், வாசல் பக்கத்தில் வண்டி நிறுத்தலாம் என்று அரசாங்கத்தில் நீல அட்டையே கொடுத்திருக்கிறார்கள். போன நவம்பரில் ஊனமுற்றோருக்கான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினோம். தள்ளுவண்டியோடு போன ஒரு பெண்மணி நின்று, "நல்லா ஜம்முனு நடக்குறீங்களே! இது முடியாதவங்க இடம்னு தெரியாதா?" என்றாள். நான் சும்மா இருப்பேனா? எனிட் அவசரமாகக் காருக்குள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் அவளுடைய நுரையீரலை ஆதியோடந்தமாக விளக்கினேன். வாயால் சொன்னால் புரியாது என்று, பனி படிந்திருந்த கார்க் கண்ணாடியில் விரலால் வரைந்தே காட்டினேன்: இது இடது, இது வலது, இந்த மூலையில் காற்றே போகாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்றுவிட்டார்கள். ஒருவர் சந்தேகம்கூடக் கேட்டார். அந்தப் பெண்மணி மன்னிப்பு மேல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினாள். வெற்றி நமக்குத்தான். ஆனால் அன்றிலிருந்து எனிட், "நீங்களே போயிட்டு வந்துடுங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தியின் நாக்கு என் மனைவியை வீட்டுக்குள் பூட்டிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. கடைக்காரர்கள் வண்டி நிறுத்துமிடத்தின் கோடுகளை அழித்து மறுபடி போட்டார்கள். வாசலை ஒட்டி வரிசையாகக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு, நமக்கோ தூரத்தில், காலி பாட்டில் போடும் தொட்டிக்குப் பக்கத்தில். நான் தனியாகப் போகும் நாட்களில் மழை விடட்டும் என்று காரிலேயே உட்கார்ந்து, இது இன்னாருக்கு என்று தரையில் வரைந்திருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஈரத்தில் மஞ்சள் வண்ணம் மினுமினுக்கும். முகமில்லாத ஒரு தாய், கையில் முகமில்லாத ஒரு பிள்ளை. தூரத்தில் சக்கர நாற்காலியில் ஒருவன். கண் லேசாகச் சொருகும்போது அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், சிரிக்காதே.

"எதுக்கும்மா இவ்வளவு கிட்ட வந்து படுத்துட்டே?" என்பான் அவன்.

"கதவை முழுசாத் திறந்தாத்தான் பிள்ளையை இறக்க முடியும்."

"எனக்கும் கதவை முழுசாத் திறக்கணுமே."

"இவன் நடக்க ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடுவேன். நீ?"

"நான் இங்கேயேதான்."

அப்புறம் இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டு கிடப்பார்கள். எனக்கு யார் பக்கம் பேசுவது என்றே தெரியாமல் போய்விடும். ஆனாலும் கட்டினவள் பக்கம் பேசுவதுதானே முறை? கடை மேலாளர் பிக்கர்ஸைப் போய்ப் பார்த்தேன். ஒருநாள் அல்ல, அவர் என்னைக் கண்டாலே ரொட்டி அலமாரிக்குப் பின்னால் ஒளியும் அளவுக்குப் பார்த்தேன்.

"சார், அவங்க கேட்குறதும் நியாயம், நீங்க கேட்குறதும் நியாயம். என்கிட்ட நியாயம் நிறைய இருக்கு, வாசல்தான் ஒண்ணே ஒண்ணு இருக்கு!" என்றார் பாவம், கையைப் பிசைந்துகொண்டு. கடைசியில் அவர் கண்ட சமரசத்தைக் கேள்: வாசலை ஒட்டிய முதல் இடத்தில் இரண்டு படத்தையும் சேர்த்தே வரைந்துவிட்டார். நாற்காலிக்காரன் மடியில் பிள்ளையோடு தாய் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு.

அதைச் சொல்லி எனிடைக் கெஞ்சிக் கூத்தாடி, கசப்பு ஆரஞ்சு வந்துவிட்டதென்று ஆசை காட்டி, போன வியாழக்கிழமை அழைத்துப் போனேன். முதல் இடம் காலி! ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே நொடியில் ஒரு சின்னச் சிவப்புக் கார். உள்ளே ஒரு இளம்பெண், பின்னால் இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் அலறல். நான் முன்விளக்கை ஒருமுறை சிமிட்டினேன், நீங்கள் போங்கள் என்று. அவளும் சிமிட்டினாள், இல்லை நீங்கள் போங்கள் என்று. நான் கையை அசைத்தேன். அவள் இரண்டு கையையும் அசைத்தாள். மழை கொட்டுகிறது, கண்ணாடித் துடைப்பான் தாலாட்டுகிறது, நாங்கள் மூடுபனியில் சந்தித்த இரண்டு படகுகள் மாதிரி ஒருவருக்கொருவர் விளக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறோம். நியாயமாகச் சொல்கிறேன் பெரில், அவ்வளவு நிம்மதியாக நான் இருந்து நாளாகிவிட்டது.

"நார்மன், யாராவது ஒருத்தர் போய்த் தொலைங்க" என்றாள் எனிட்.

"அவங்க போகட்டும்."

"அவங்களும் அதையேதான் சொல்றாங்க."

"அப்போ நான் எப்படிப் போறது?"

எனக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. நம் ஊர்க்காரர்களுக்கு வரிசை கண்ணில் பட்டால் போதுமே, எதற்கு என்றா கேட்பார்கள்? ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. பின்னால் ஒரு பெரியவர் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார். அப்போது எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கார் சர்ரென்று நுழைந்து அந்த இடத்தில் நின்றது. அட்டையும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. மீசை முளைக்காத ஒரு பையன் இறங்கி, "ஒரே நிமிஷம் தாத்தா, ஒரு சாண்ட்விச்தான்!" என்று உள்ளே ஓடினான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

விடுவேனா? பின்னாலேயே ஓடினேன். சாண்ட்விச் அலமாரி முன்னால் அவனுக்கு எனிடின் நுரையீரலைச் சொன்னேன். பூக்கள் விற்கும் இடத்தில் பிக்கர்ஸைப் பிடித்து மறுபடி சொன்னேன், அந்தப் பெண்ணின் இரட்டைப் பிள்ளைகளையும் சேர்த்து. வெளியே வந்தால் பையன் போய்விட்டான், அந்த இடத்தில் டீ குடித்த பெரியவர் நிற்கிறார், அவர் கண்ணாடியிலும் நீல அட்டை! அவரை என்ன சொல்ல? இங்கே எனிடும் சிவப்புக் கார்ப் பெண்ணும் ஜன்னலுக்கு ஜன்னல் பேசிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளுக்குப் பல் முளைக்கிற சமாசாரம் போல. என்னைப் பார்த்ததும் எனிட், "வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

ஆகவே இனி அவளை அந்தப் பக்கமே கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த ஊசி நாக்குகளுக்கு நடுவே அவளை விட எனக்கு மனசில்லை. இப்போதெல்லாம் ஒரு கடை கனவில் வருகிறது: வட்டமாக, சுற்றிலும் வாசல், எங்கே நிறுத்தினாலும் வாசல் பக்கம்தான். பிக்கர்ஸுக்கு வரைந்து அனுப்பலாம் என்றிருக்கிறேன். எனிட் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனவள், அசந்து தூங்குகிறாள் பாவம். வீடு அவ்வளவு அமைதி, கூரையோரத்தில் தண்ணீர் ஓடுவதுகூடக் கேட்கிறது. எனக்கும் கண்ணைச் சுழற்றுகிறது.

உன் கால்கள் தடுமாறாதிருக்க, உன் கூரை ஒழுகாதிருக்க, இந்த வருஷம் உன் ரொட்டிக்கு வெறும் வெண்ணெயே போதுமென்ற பக்குவம் உனக்கு வாய்க்க வாழ்த்தும்,

உன் அண்ணன்
நார்மன் ஓல்ட்ராய்ட்

பி.கு.: அன்பு நாத்தனாரே, இது எனிட். உன் அண்ணன் இந்தக் கடிதத்தின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்குகிறார், மெதுவாக உருவி எடுத்தேன். நான் மாடியில் தூங்கவே இல்லை, அவர் எழுதிக்கொண்டிருந்தபோது பின்பக்கமாக நழுவிக் கடைக்குப் போய்வந்தேன். அந்தச் சிவப்புக் கார்ப் பெண், கிர்ஸ்டி, தெருமுனையில் காத்திருந்தாள். அன்றைக்கு ஜன்னலில் பேசியது பல்லைப் பற்றி இல்லை, இன்றைக்குப் போவதைப் பற்றி. முதல் இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள், அதனால் பாட்டில் தொட்டிப் பக்கம்தான் நிறுத்தினோம். இரட்டைப் பிள்ளைகளின் தள்ளுவண்டியைப் பிடித்துச் சாய்ந்து சாய்ந்தே வாசல் வரை நடந்துவிட்டேன். மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் பிள்ளைகளுக்குப் போர்வை சரிசெய்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆரஞ்சு அடுப்பில் இருக்கிறது, உன் பங்கு அடுத்த வாரம் தபாலில் வரும்.

இன்னொன்று. நவம்பரில் பேசிய அந்தப் பெண்மணியை நான் வீடு வந்து சேரும் முன்பே மறந்துவிட்டேன். மறக்க முடியாதது கண்ணாடியில் உன் அண்ணன் வரைந்த என் நுரையீரல். ஊரே நின்று பார்த்தது. நான் உள்ளே, அதற்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் அவரோடு கடைக்குப் போவதில்லை. ஆனால் அவ்வளவு பிரியமாக வரைந்த மனுஷரிடம் இனிமேல் வரையாதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? நீ கூடப் பிறந்தவள். நீ சொல்லேன், பெரில்.