டவர்காரரின் சிவப்புத் துண்டு

காலை ஐந்து ஐம்பது. தெருவில் முதலில் கண்ணில் பட்டது, எதிர்வீட்டு மாடிச் சுவரில் தொங்கிய சிவப்புத் துண்டு. அதற்குப் பின்னால், கழுத்தில் விசிலும் கையில் பைனாகுலருமாக டவர்காரர்.

காஞ்சிபுரத்தில் சாமி புறப்பாட்டையே தெருமுனையில் நிறுத்திவைக்கத் தெரிந்த மனிதர் அவர் ஒருவர்தான். ஒரு முறை நிறுத்தியும் இருக்கிறார். பல்லக்குக்காரர்கள் தோள் மாற்றிக்கொண்டு நிற்க, குருக்கள் அண்ணாந்து பார்த்து, "சார், சாமி வரலாமா?" என்று கேட்டார்.

"வரலாம். இடது ஓரமா."

குருக்கள் நடக்கத் தொடங்கினார். மாடியிலிருந்து விசில். "திருப்பிச் சொல்லுங்க."

"சாமி வரலாம். இடது ஓரமா," என்றார் குருக்கள். பிறகுதான் சாமி வந்தது.

வடக்கே ஒரு விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று வந்தவர் அவர். சொன்னதை விமானி திருப்பிச் சொன்னால்தான் சரியாகக் கேட்டதாக அர்த்தம் என்பது அங்கே விதி. அந்த விதியையும் பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். டீக்கடை பாஷா "சரி சார்" என்றால் விடமாட்டார். "சரின்னா நீ தலையாட்டுறன்னு அர்த்தம். நான் என்ன கேட்டேன்?"

"ஒரு டீ, சக்கர கம்மி. இத்த சொல்லிக்கினு நின்னா டீ ஆறிப்போவுது சார்," என்பார் பாஷா.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி குளிக்கப் போகும்போது அடுப்பை முறைப்படி ஒப்படைக்க வேண்டும். "பால் அடுப்புல. உங்க பொறுப்பு." "பால் அடுப்புல. என் பொறுப்பு." அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்ததை யாரும் பார்த்ததில்லை. பொங்கலன்று மட்டும் பானையை அவரிடம் ஒப்படைப்பதில்லை.

எங்களுடையது நெசவாளர் தெரு. விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, ஒட்டியதைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, பிறகு சுருட்டி உள்ளே கொண்டுபோவார்கள். நடுவில் ஒரு பைக் புகுந்தால் எல்லாம் போயிற்று. குடிவந்த முதல் வாரமே இதைப் பார்த்த டவர்காரர், "இது ஓடுதளம்," என்றார். அன்று முதல் பாவு தெருவில் இருக்கும்வரை துண்டு தொங்கும். துண்டு தொங்கும்வரை அவர் யாரிடமும் வீண்பேச்சு பேசமாட்டார். வணக்கம் சொன்னாலும் பதில் வராது.

காரணத்தை ஒரே ஒரு முறைதான் சொன்னார். கோபுரத்தில் யாருக்கோ பிறந்தநாள். கேக் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள், இவரும்தான். ஓடுதளத்தைச் சோதிக்க ஒரு ஜீப் போயிருந்தது அந்த நேரத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. விமானத்துக்கு இறங்க அனுமதியும் கொடுத்தாயிற்று. கடைசி நேரத்தில் ஜீப்பைப் பார்த்து, விமானத்தை மறுபடி மேலே போகச் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேக் எப்படி இருந்தது என்று கேட்டேன். "சாப்பிடல," என்றார். மறுநாள் முதல், ஓடுதளத்தில் எது நின்றாலும் தன் கண்ணெதிரே ஒரு சிவப்புக் கட்டையை வைத்துக்கொண்டார். அந்தக் கட்டையின் வாரிசுதான் இந்தத் துண்டு.

அன்று காலை தெருவில் இருந்தது தேவகியின் பாவு. முந்தைய பாவை, டவர்காரர் வெளியூர் போயிருந்த வாரத்தில், ஒரு பைக் அறுத்துவிட்டது. இதுவும் போனால் இனிப் பட்டு தரமாட்டேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். தேவகி குனிந்து இழை பிரித்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் குறுக்கே கயிறு பிடித்து நின்றான் அவள் தம்பி முருகன்.

டவர்காரர் வீட்டில் போன் அடித்தது. அவருடைய ஒரே மகள் வெளிநாட்டில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது தெருவுக்கே தெரியும். அவர் திரும்பவில்லை. சற்று நேரத்தில் மனைவி ஜன்னலுக்கு வந்து, "பொறந்துடுச்சு!" என்று கத்தினார்.

தெரு முழுக்க அண்ணாந்தது. தேவகியும்தான். முருகன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "இன்னா கொழந்த ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டான். தண்ணீர் கேன் ஏற்றிய மினி வேன் ஒன்று அந்தக் கயிற்றின் மேலேறித் தெருவுக்குள் திரும்பியது. அதன் டிரைவரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில் அலறியது. வேன் நின்றபோது அதற்கும் பாவுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

"ரிவர்ஸ்," என்றார் டவர்காரர்.

"ரிவர்ஸ் சார்," என்று சொல்லிவிட்டுத்தான் டிரைவர் பின்னால் எடுத்தார்.

தேவகி கயிற்றை எடுத்து முருகன் கையில் திணித்தாள். "நாங்க பாத்துக்கிறோம் சார். நீங்க போயி இன்னா கொழந்தன்னு கேளுங்க."

"பாவு இன்னும் தெருவுல இருக்குது," என்றார் அவர், பைனாகுலரை இறக்காமல்.

சுருட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவரைத் தவிர எல்லோருக்கும் விவரம் தெரிந்துவிட்டது. ஒருவரும் அவர் காதில் விழும்படி பேசவில்லை. முருகனுக்கு மட்டும் வாயில் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

தேவகி பாவை மார்போடு அணைத்து உள்ளே கொண்டுபோனாள். டவர்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மனைவி மாடியேறி வந்தார்.

"பொம்பளப் புள்ள. மூணு கிலோ. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க," என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "திருப்பிச் சொல்லுங்க," என்றார்.

தெரு காத்திருந்தது. அவரால் சொல்ல முடியவில்லை.