சிசேரியனுக்கு வந்த கோடிச் சேலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எழுதினால் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். (எழுதாமலேயே சிரிக்கிறார்கள்.) முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். மலாக்காவில் காஜா பெராங்கில் குடியிருந்தோம். என் மனைவி மங்களத்துக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். எவ்வளவு வலி எடுத்தும் பிள்ளை வெளியே வரவில்லை. "சிசேரியன்தான்" என்று சொல்லி, டாக்டர் அவளை உள்ளே கொண்டுபோகச் செய்துவிட்டார். நான் படித்த நாலாம் வகுப்பில் அந்த வார்த்தை வரவில்லை. வாசலில் நின்ற, காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸரிடம் அர்த்தம் கேட்டேன்.

"சீசருன்னு ரோமாபுரி ராசா பேருண்ணே. அவரை வயித்தைக் கிழிச்சு எடுத்தாங்கன்னு சொல்வாங்க. அந்தக் காலத்துச் சட்டம் என்னன்னா, தாய் செத்துட்டா வயித்தைக் கிழிச்சுப் புள்ளைய எடுத்திரணும்..."

அந்த நேரம் பார்த்து ஜப்பான் அதிகாரி ஒருவர் வந்தார். எல்லாரும் இடுப்பு வளையக் குனிந்தோம். (குனியாவிட்டால் கன்னம் பழுக்கும்.) நிமிர்ந்தபோது டிரெஸர் அதிகாரியின் பின்னால் போய்க்கொண்டிருந்தார். அதற்குள் நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து, மங்களத்தின் தாலியை என் கையில் வைத்து, "பத்திரம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

வேறென்ன நினைப்பேன்? முருகனிடம் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். என் கையில் தாலியைக் கண்டதும் மங்களத்தின் அண்ணன் முனியாண்டி தங்கை போய்விட்டாள் என்றே முடிவு கட்டினார். ஊரே சாக்கு உடுத்திய காலம். இருந்தாலும் பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் தங்கையை அனுப்பக் கூடாதென்று, தன் சைக்கிளையே விலையாகக் கொடுத்துப் புதுச்சேலை வாங்கிவந்தார்.

மாலையில் எல்லாரும் ஒப்பாரியோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். கட்டிலில் மங்களம். பக்கத்தில் பெண் குழந்தை.

"யாருண்ணே செத்தது?" என்றாள் மங்களம்.

மச்சான் சேலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் அங்கே நின்ற டிரெஸரைக் காட்டினேன்.

"முழுசாக் கேட்டுட்டுப் போகக் கூடாதாண்ணே?" என்றார் அவர். "தாலி, கத்தி வைக்கிறதுக்கு முன்னால எல்லாருக்கும் கழட்டிக் குடுக்கிறதுதான். நான் சொன்னது பழைய சட்டம். சீசரோட அம்மா, மகன் பெரிய ஆளாகுற வரைக்கும் உயிரோட இருந்தவங்க. அதனால அவரை வயித்தைக் கிழிச்சு எடுத்த கதையே சந்தேகம். அவங்க பாஷையில வெட்டுறதுக்கு உள்ள சொல்லுலேர்ந்து வந்த பேருன்னும் சொல்றாங்க."

மங்களம் அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "நான் செத்தாத்தான் சேலை எடுப்பியா? குடு, புள்ளைக்குத் தொட்டில் கட்டணும்."

கத்தி பட்ட வயிற்றோடு பேசிய பேச்சு அது. பெருமையில் என் கண் நிறைந்தது. அங்கேயே முருகன் சாட்சியாக இரண்டாம் முறை தாலி கட்டினேன்.

இன்றும் தீபாவளிக்கு மச்சான் சேலையோடு வந்தால், "யாருண்ணே செத்தது?" என்றுதான் வீடே வரவேற்கும்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடி. நான் தாலி கட்டும்போது மயங்கி விழுந்தேன் என்று மச்சான் சேர்ப்பது சுத்தப் பொய். கை நடுங்கியது, அவ்வளவுதான். முடிச்சை மங்களமே போட்டுக்கொண்டாள்.