குளிர் விட்டுப் போன யேசுதாஸ்

பூச்சியிடம் நிர்வாகக் கலை பயின்ற முதல் தொழிற்சாலை என்ற பெருமை, எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிக்கு அருகே தொடங்கிய ஓர் இறால் ஆலையையே சேரும்.

அன்று காலை ஆலை வாசலில் ஞானம்மாவும் புருஷன் யேசுதாஸும் ஒரே தூக்குவாளியில் கூழ் குடித்தார்கள். வெங்காயத்தில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினான். அவள் இறால் உரிக்கப் போனாள். அவன் ஐஸ் ரூமுக்கு.

ஐஸ் ரூம் ஆட்கள் வெகுநாளாகக் கம்பளிச் சட்டை கேட்டு வந்தார்கள். மேலாளர் அனந்தபத்மநாபன் அன்று அதற்கென்றே ஒரு 'அறிவியல் கூட்டம்' கூட்டினார். ஆங்கிலப் பத்திரிகையில் வந்த பனிநாட்டு வண்டின் படத்தை உயர்த்திக் காட்டினார்.

"இது யார்கிட்டயாவது கம்பளி கேட்டுதா?"

"அதுக்கு டூட்டி கெடையாதே, சார்" என்றான் யேசுதாஸ்.

மேலாளர் மன்னித்தார். குளிர் வந்தால் வண்டு உடம்பில் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே தேநீர் நிறுத்தப்பட்டது. இரத்தத்தில் இனிப்பை ஏற்றிக்கொள்ளும். ஆகவே ஆளுக்கொரு வெல்லக்கட்டி. தின்பதை நிறுத்தும், ஆகவே சாப்பாட்டு இடைவேளை ரத்து. அசையாமல் கிடக்கும் என்ற நான்காவது குணம் மட்டும், உற்பத்தி கெடும் என்பதால் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது.

பிற்பகல் கதவைத் திறந்துவிட்டபோது வெளியே வந்த யேசுதாஸின் உடம்பில் நடுக்கம் நின்றிருந்தது. எப்படி இருக்கிறது என்று மேலாளர் ஆவலாக விசாரித்தார்.

"குளிர் வுட்டுப்போச்சு, சார்."

இறால் உரித்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேலாளரின் முகம் சிவந்தது.

"என்கிட்டயே குளிர் விட்டுப்போச்சா?"

ஞானம்மா எழுந்து ஓடிவந்தாள். "திமிரு இல்ல, சார். நாக்கு கொளறுது, பாருங்க. உள்ள அனுப்பாதீங்க."

"வாய்க்கொழுப்பு. கொழுப்பு குளிருக்கு நல்லதுதான்" என்று அவனை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார்.

மாலையில் கதவைத் திறந்தபோது, நிராகரிக்கப்பட்ட நான்காவது குணத்தையும் யேசுதாஸ் கற்று முடித்திருந்தான்.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர் கண்கலங்கினார். வண்டின் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது என்றார். ஞானம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி வைங்க, சார்."

உள்ளிருப்பவன் நினைத்தபோதெல்லாம் வெளியே வந்தால் குளிர் வீணாகும் என்று மேலாளர் பொறுமையாக விளக்கினார். இவ்வளவு சிக்கனமான மனிதரை ஞானம்மா பிறகு எங்குமே பார்க்கவில்லை.

கைப்பிடி இன்றும் வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது.